இருட்டில் பேசியது

போன ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து கிளம்பும்போது உங்களில் ஒருவர் என் பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "போன்லயே டார்ச் இருக்குதேம்மா, இத வேற எதுக்குத் தூக்கினு சுத்தறீங்க?" என்று கேட்டார். கேட்டது நியாயம்தான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் வாங்கிய அந்த பிளாஸ்டிக் டார்ச் பாதி நேரம் எரியாது. தொடையில் தட்டினால்தான் வழிக்கு வரும். மழை வருகிற மாதிரி இருந்ததால் அன்றைக்கு ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு ஆட்டோ ஏறிவிட்டேன். இனிமேல் என் இடத்தில் போய் நிற்கப் போகிறவர்கள் நீங்கள். அதனால் பதிலை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். காது கேளாதவர்களுக்குப் பேச்சை மாற்றிச் சொல்லும் தொண்டு வேலையை முழங்கால் வலியால் நான் விட்டாலும் என் வாய் இன்னும் ஓய்வு வாங்கவில்லை.

எந்தச் சொல்லுக்கு என்ன சைகை என்பதை வகுப்பில் கற்றுக்கொள்வீர்கள். நான் அதைச் சொல்ல வரவில்லை. சைகையெல்லாம் தெரிந்த பிறகும், ஓர் அறையில் இருக்கிற அத்தனை பேரும் உங்கள் முகத்தையே பார்க்கும் ஒரு நிமிஷம் வரும். அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

காது கேளாதவர்களுக்கு நடுவே வருவதற்கு முன்னால் நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். உங்களுக்கு அது புராணக் கதை. வெளியூருக்குப் பேச வேண்டுமானால் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பார்கள். நாங்கள் போர்டில் கம்பியைச் செருகி இணைப்புக் கொடுப்போம். மழைக்காலத்தில் லைன் மங்கிவிடும். இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் கேட்காது, நடுவில் இருக்கிற எங்களுக்கு மட்டும் இரண்டும் கேட்கும். அப்போது ஒருவர் சொன்னதை மற்றவருக்கு நாங்களே திருப்பிச் சொல்ல வேண்டும். எத்தனை பிரசவச் செய்தி, எத்தனை சாவுச் செய்தி என் வாய் வழியாகப் போயிருக்கும்! மழை பெய்யும்போதெல்லாம் அந்த அறையின் சூடும், ஹெட்போன் காதை அழுத்துகிற வலியும், ஷிப்ட் முடிந்து தோழிகளோடு குடித்த டீயும் ஞாபகம் வந்து மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

அங்கே எங்களுக்கு ஒரு சூப்பர்வைசர் அம்மாள் இருந்தார். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே நாங்கள் முதுகை நிமிர்த்தி உட்காருவோம். பின்னால் வந்து நின்று சொல்வார்: "அந்தாளு 'வரமாட்டேன்'னு சொன்னா நீயும் 'வரமாட்டேன்'னு சொல்லு. 'கொஞ்சம் சிரமம்னு சொல்றாரு'ன்னு மெழுகாத. நீ மெழுகிட்டா அந்தப் பக்கம் உலை வெச்சிட்டுக் காத்துனு இருப்பாங்க." அவரை அப்போது நாங்கள் திட்டாத நாள் கிடையாது. இன்றைக்கு எதிரில் வந்தால் காலைத் தொட்டுக் கும்பிடுவேன்.

போர்டெல்லாம் போய் மெஷின் வந்ததும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தேன். எங்கள் தெருவில் இஸ்திரி போடுகிற ஒருவருக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. ஒருநாள் வாசலில் வந்து நின்று ஆஸ்பத்திரி போன் நம்பர் எழுதிய சீட்டை நீட்டி, கையால் பெரிய வயிற்றைக் காட்டினார். அவர் மனைவிக்குப் பிரசவம் ஆகிவிட்டதா என்று நான் கேட்டுச் சொல்ல வேண்டும். போட்டுக் கேட்டேன், பெண் குழந்தை. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் முழித்துவிட்டு என் மூக்குத்தியைத் தொட்டுக் காட்டினேன். மனிதர் வாசலிலேயே ஒரு குதி குதித்தார். சைகை மொழியிலும் பெண் என்றால் அதுதான் என்று பிறகுதான் தெரிந்தது. நான் கற்ற முதல் சைகை அது, யாரும் சொல்லித் தராமலேயே வந்தது.

அவரைத் தொடர்ந்து அவர் சிநேகிதர்கள் வந்தார்கள். கேஸ் சிலிண்டருக்குப் போன், பள்ளிக்கூடத்துக்குப் போன், கோபித்துக்கொண்டு போன மனைவியின் அண்ணனுக்குப் போன். அவர்கள் கையைப் பார்த்துப் பார்த்து என் கையும் பேசப் பழகியது. அவர்கள் ஒவ்வொருவருக்கும் சைகையில் ஒரு பெயர் வைப்பார்கள், தெரியும் அல்லவா? எனக்கு வைத்த பெயர், கட்டை விரலையும் சுண்டு விரலையும் நீட்டிக் காதில் வைப்பது. காதே கேட்காதவர்கள் எனக்கு டெலிபோன் என்று பெயர் வைத்த குறும்பை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

இனி டார்ச் கதைக்கு வருகிறேன்.

அபிதா, நம் ஹாலில் காது கேளாதவர்கள் கூடுகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வளர்ந்த பெண். பிறவியிலேயே காது கேட்காது. ரமணாசிரமம் பக்கம், செங்கம் ரோட்டில் ஒரு கஃபேயில் ரொட்டி சுடுகிற வேலை. வெள்ளைக்காரர்களோடு சைகையிலேயே பேரம் பேசி, வம்பு பேசி, சிரிக்க வைத்து அனுப்புகிற கெட்டிக்காரி. அவள் அப்பா கிராமத்தில் நிலத்தை வைத்துக்கொண்டே, மகள் படிப்புக்காக டவுனை ஒட்டிய வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடி வந்தவர். மகள் மேல் உயிரையே வைத்திருந்தார். ஆனால் சாப்பிடு, வா, தூங்கு, வண்டி பார்த்துப் போ, இவ்வளவுதான் அவர் கைக்குத் தெரியும். இருபத்து நாலு வருஷமாக அப்பாவும் மகளும் இந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டே பாசமாக இருந்தார்கள்.

அவளுக்கு இரண்டு வரன் வந்து தட்டிப் போனது. மூன்றாவதாகப் போளூரிலிருந்து அருண் வந்தான். அவனுக்கும் காது கேட்காது. பிளெக்ஸ் பேனர் டிசைன் பண்ணுகிற பையன். இரண்டு பேரும் ஏற்கெனவே வீடியோ காலில் பேசிப் பிடித்துப் போயிருந்தது. பெரியவர்கள் உட்கார்ந்து பேச வேண்டியதுதான் பாக்கி. பெண் பார்த்துவிட்டு அப்படியே கிரிவலமும் போய்விடலாம் என்று பௌர்ணமியன்று சாயங்காலம் வந்தார்கள். ஒரு பஸ் செலவில் இரண்டு காரியம்! நடுவிலிருந்து பேச்சை மாற்றிச் சொல்ல என்னை அழைத்திருந்தார்கள்.

போனதும் காபிக்கு முன்னால் எப்போதும் சொல்வதைச் சொன்னேன். "இந்த ரூம்ல யார் என்ன பேசினாலும் என் கையில வந்துடும். சொல்ல வேணாம்னு நெனைக்கறத பேசவே பேசாதீங்க." எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் போகிற இடத்தில் இதை முதலில் சொல்லிவிடுங்கள். சிரிக்கட்டும், பரவாயில்லை.

பேச்சு நன்றாகத்தான் போனது. அருணின் அம்மா கலகலப்பான மனுஷி, அபிதா கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். வெளியே மழை பிடித்தது. பஜ்ஜித் தட்டு வந்து ஒரு சுற்று போவதற்குள் கரண்ட் போய்விட்டது.

கரண்ட் போனால் நமக்கு விளக்குதான் போகும், பேச்சு நிற்காது. அவர்களுக்குப் பேச்சே போய்விடும். சைகை, உதடு, முகம் எல்லாமே கண்ணுக்குத்தானே! அபிதாவின் சித்தப்பா போன் டார்ச்சைப் போட்டார், ஆனால் அதை பஜ்ஜித் தட்டின் மேல் அடித்தார். "இங்க கொஞ்சம் அடிங்க, என் கை மேல" என்றேன். ஒரு நிமிஷம் அடித்தார். உடனே, "நம்ம வூட்ல மட்டும் போச்சா, தெருவுக்கே போச்சான்னு பாத்துட்டு வரேன்" என்று விளக்கோடு வாசலுக்குப் போய்விட்டார். என் போனும் அபிதாவின் போனும் உள் அறையில் சார்ஜில் கிடந்தன, அருணின் போன் பஸ்ஸிலேயே சார்ஜ் தீர்ந்துபோயிருந்தது. எழுந்து போகலாம் என்றால் அபிதா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த இருட்டில்தான் அருணின் அம்மா பேச்சை எடுத்தார்.

"சம்மந்தி, ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். நாளைக்கு இதுங்களுக்கு ஒரு கொழந்தை பொறக்குதுன்னு வெச்சிக்கோங்க. ரெண்டு பேருக்குமே பேச்சு இல்ல. கொழந்தைக்குப் பேச்சு எப்படி வரும்? அதனால மூணு நாலு வயசு வரைக்கும் பெரிய மருமவ கிட்ட வளரட்டும். அவளும் ஆசையா இருக்கா. பேச்சு வந்தப்புறம் இதுங்க கிட்ட வுட்டுடலாம்."

மழைச் சத்தத்துக்கு நடுவே அபிதாவின் அப்பா குரல். "அதுவும் சரிதாங்க. கொழந்தை நல்லதுக்குத்தான சொல்றீங்க."

இதில் வில்லி யாரும் இல்லை, கவனியுங்கள். அந்த அம்மாள் மனதாரத்தான் சொன்னார். அப்பாவோ மூன்றாவது வரனும் தட்டிப் போகக் கூடாதே என்ற பயத்தில் இருந்தார். ஆனால் இன்னும் பிறக்காத குழந்தையை யார் தூக்கி வளர்ப்பது என்று முடிவாகிக்கொண்டிருந்தது. பெற்றுக்கொள்ளப் போகிறவள் அந்த இருட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கரண்ட் வந்தது. எல்லோர் முகத்திலும் பழையபடி சிரிப்பு. ஆனால் அபிதாவின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பதற்குள் மகள் பார்த்துவிட்டாள். முகத்தைப் பார்த்தே பிழைக்கிறவர்களிடம் முகத்தை மறைக்க முடியுமா? அபிதா என் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "இருட்டில் என்ன பேசினார்கள்?"

அவள் கேட்டதை நான் வாய்விட்டுச் சொன்னேன். அபிதாவின் அப்பா என்னைப் பார்த்து அவசரமாகச் சொன்னார். "அக்கா, சும்மா மழையப் பத்திப் பேசினோம்னு சொல்லிடுங்க. இப்ப வேணாங்க்கா. கல்யாணம் முடியட்டும், நானே பக்குவமா சொல்றேன்."

நான் யோசித்து முடிவெடுத்தேன் என்று சொன்னால் பொய். அவர் பேசப் பேச என் கை தானாக ஓடிக்கொண்டிருந்தது. பழக்கம்! மழை, சொல்லிவிடுங்கள், கல்யாணம் முடியட்டும் எல்லாமே மகள் கண் முன்னால் போய்விட்டது. அபிதா அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் மட்டும் அல்ல, நானும் இன்னும் மறக்கவில்லை.

ஆனால் அடுத்த காரியத்தை யோசித்துத்தான் செய்தேன். இருட்டில் பேசியதை நானே எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அது என் வாயால் வந்த கோள் ஆகிவிடும். 'நாங்க அப்படியா சொன்னோம்' என்று பேச்சு என் மேல் திரும்பும். அபிதாவின் கேள்வி நடுவில் தொலைந்துபோகும். அதனால் அருணின் அம்மா பக்கம் திரும்பி, "அவங்களுக்கு வெளிச்சம் இல்லாம போச்சுங்க. இப்ப இருக்குது. அவங்களப் பாத்து நீங்களே இன்னொரு தரம் சொல்லிடுங்க. நான் அப்படியே காட்டறேன்" என்றேன்.

அந்த அம்மாள் அபிதாவைப் பார்த்தார். "ஒண்ணுமில்லம்மா... நாளைக்கு ஒரு கொழந்தை... பேச்சு வரணும் இல்ல... அதனால கொஞ்ச நாள்... பெரியவ கிட்ட..." இருட்டில் தண்ணீராக ஓடிய பேச்சு வெளிச்சத்தில் திக்கித் திக்கி வந்தது. நான் ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் நிறுத்திய இடத்தில் என் கையும் நின்றது.

அபிதா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராக அருணிடம் கேட்டாள்: "உனக்குத் தெரியுமா?"

அருண் முகம் வெளிறிப் போயிருந்தது. "தெரியாது. நானும் உன்னோடு இருட்டில்தானே இருந்தேன்" என்றான்.

இரண்டு பேரும் எழுந்து ஃப்ரிட்ஜ் பக்கம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்கள். கையைச் சின்னதாக வயிற்றோடு வைத்துப் பேசினார்கள். நாம் காதோடு காதாகக் குசுகுசுப்போமே, அவர்களுக்கு அதுதான் குசுகுசுப்பு. அருணின் அப்பா என்னிடம், "இன்னா பேசிக்கறாங்க மேடம்?" என்றார்.

"தெரியலைங்க. எனக்குக் காட்டாம பேசறாங்க."

"கொஞ்சம் தள்ளிப் போய்ப் பாத்துச் சொல்லுங்களேன்."

"அது ஒட்டுக் கேக்கறதுங்க. நான் அதுக்கு வரல" என்றேன், கொஞ்சம் வெடுக்கென்று. விளக்கு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் தங்களைப் பற்றி என்ன முடிவாகிறது என்று தெரியாமல் இரண்டு குடும்பமும் பஜ்ஜி ஆறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அபிதா திரும்பி வந்து அருணின் அம்மாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். அவள் கையைப் பார்த்து நான் சொன்னது இதுதான்: "பேச்சு கத்துக்குடுக்க ஊரே இருக்குது அத்தை. கையால பேசக் கத்துக்குடுக்க நாங்க ரெண்டு பேர்தான் இருக்கோம். எங்க கொழந்தை எங்ககிட்டத்தான் வளரும். நீங்க தெனமும் வாங்க, சத்தமா பேசுங்க, பாட்டு பாடுங்க. ஆனா தூக்கினு போக வேணாம். இதுக்குச் சம்மதம்னா எனக்கும் சம்மதம். அவருக்கும் அதேதான்."

அருண் தலையை ஆட்டினான். அருணின் அப்பா எழுந்து, "போய்த் தகவல் சொல்றோங்க" என்றார். பெண்ணைப் பெற்றவர்களுக்கு அந்த வாக்கியத்தின் அர்த்தம் தெரியும். தூறலிலேயே கிரிவலத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள். நான் செருப்பை மாட்டும்போது அபிதாவின் அப்பா கேட் வரைக்கும் வந்தார். "உங்கள நம்பித்தானக்கா கூப்பிட்டேன்" என்றார். கத்தியிருந்தால் கூடத் தேவலை. மெதுவாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். ஒரு பெண்ணின் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேனோ என்று அழுதேன். சரியாகச் செய்தால் மனசு நிம்மதியாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு அன்றைக்கு நிம்மதி துளிக்கூட இல்லை.

அன்றைக்கு மலை சுற்றும் பாதையில் நடந்ததை அருணின் அம்மாவே பிற்பாடு என்னிடம் சொன்னார். அருண் முன்னால் போவானாம். ஒவ்வொரு விளக்குக் கம்பம் வந்ததும் அதன் கீழே நின்று அம்மாவைத் திரும்பிப் பார்ப்பானாம். "எதாவது பேசுவேன்னுதான் மேடம் அவன் வெளிச்சத்துல நின்னான். எனக்குக் கேக்கறதுக்கு எவ்வளவோ இருந்துச்சு. ஆனா 'சாப்ட்டியா', 'போலாமா' தவிர ஒண்ணும் தெரியல. பெத்த புள்ள கிட்டயே எனக்குப் பேச்சு வரல. நான் எந்தக் கொழந்தைக்குப் பேச்சு வர வெக்கப் போறேன்?" சொல்லும்போது அவர் கண் கலங்கியது. எனக்கும்தான். மறுநாள் காலையிலேயே சம்மதம் என்று போன் வந்துவிட்டது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை நம் ஹால் வாசலில் அபிதாவின் அப்பா நின்றார். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "எனக்கும் கத்துக்குடுங்க. இனிமே என் பொண்ணு கிட்ட நான் நேராப் பேசிக்கறேன். நீங்க நடுவுல வேணாம்" என்றார். என் தொண்டுக் காலத்தில் என்னை வேண்டாம் என்று ஒருவர் சொல்லி நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். முரட்டு விரல், மடங்கவே மடங்காது. அபிதா அந்த விரல்களைப் பிடித்து மடக்கிவிட்டுக்கொண்டே சிரித்ததைப் பார்க்க வேண்டுமே! கல்யாணத்துக்குப் பிறகு போளூர் அம்மாளும் சேர்ந்துகொண்டார். பஸ் பிடித்து வருவார், யாரையும் பேச விடாமல் கலகலவென்று பேசிக்கொண்டே சைகை கற்பார்.

அன்றிலிருந்துதான் இந்த டார்ச். போன் சார்ஜில் இருக்கும், அடுத்தவர் கையில் இருக்கும். டார்ச் என் பையை விட்டு எங்கேயும் போகாது. யார் பேச்சை மாற்றிச் சொல்லப் போகிறீர்களோ அவர்களுடைய வெளிச்சத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு.

இப்போது அபிதாவுக்கு நாலு வயசில் ஒரு பெண் குழந்தை. காது நன்றாகக் கேட்கும். வாயை மூடுவதே இல்லை, அப்பனைப் பெற்ற ஆயாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறது. போன ஐப்பசி மழையில் நம் ஹாலில் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது கரண்ட் போனது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் நின்றுபோயின. அருணின் அம்மா மட்டும் பழக்க தோஷத்தில் இருட்டிலேயே என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் பைக்குள் கையை விட்டு டார்ச்சைத் தேடினேன். வழக்கம்போல அது எரியவில்லை, தொடையில் தட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்குள் பளிச்சென்று ஒரு வெளிச்சம். குழந்தை ஆயாவின் மடியிலிருந்த போனைப் பிடுங்கி டார்ச்சைப் போட்டிருந்தது. போட்டு, ஆயாவின் கைகள் மேல் அடித்தது.

"ஆயா, இருட்டுல பேசாத. அம்மாவுக்குக் கேக்காது. இப்பச் சொல்லு."

ஆயா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் அந்த வெளிச்சத்தில் தூக்கி, விரல்களை மேலிருந்து கீழே மெதுவாக இறக்கி, தான் சொல்லிக்கொண்டிருந்ததை மருமகளுக்குச் சொன்னார். மழை பெய்கிறது. இந்த முறை உண்மையாகவே மழையைப் பற்றித்தான் பேசியிருந்தார்.